மோதிர விரலின் பள்ளம்

செய்தி வந்தபோது அவன் திருகாணிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தான். மேசையில் கிடந்த மனைவியின் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவள் இறந்து ஐந்து மாதமாகியும் அந்தப் போனுக்கு அவன் தவறாமல் சார்ஜ் போட்டுவந்தான். மொழிபெயர்ப்புச் செயலியின் விறைத்த தமிழில் திரையில் இப்படி இருந்தது: "மூத்த சகோதரி, நலமா. அரசாங்கத்தின் புதிய விதி. அச்சின் வெளிநாட்டு உரிமையாளர் முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டும். வியாழன் காலை பதினொரு மணி. காட்டாவிட்டால் அச்சு கைவிடப்பட்ட பொருள் ஆகும்."

"சரி" என்று பதில் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் செய்தியை இன்னொரு முறை முழுதாகப் படித்தான்.

அவர்கள் தொழில் சமையல் பாத்திரங்களுக்கான கைப்பிடி. கைப்பிடி வார்க்கும் இரண்டு இரும்பு அச்சுகளும் கடல் தாண்டி அந்த நாட்டுத் தொழிற்சாலையில் இருந்தன. அவர்கள் வார்த்துப் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். இங்கே பதினோரு பேர் தகடு வைத்து, திருகாணி முடுக்கி, கடைகளுக்கு அனுப்புவார்கள். அச்சு போய்விட்டால் இந்த ஷெட்டில் பூட்டுக்கு மட்டும்தான் வேலை. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அவள்தான் அங்கே போய், ஒரு மெழுகுக் கட்டியைத் தன் கையால் இறுகப் பிடித்து, அந்தப் பிடியை வைத்தே அச்சு வெட்டச் சொன்னாள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய மோதிர விரல் அவளுக்கு முழுதாக மடங்காது. அதனால் ஒவ்வொரு கைப்பிடியிலும் மூன்றாவது பள்ளம் மட்டும் ஆழம் குறைவு. வாங்கிய யாரும் அதைக் கவனித்ததில்லை. ஒப்பந்தத்திலும் அவள் கையெழுத்துதான். அவன் அதைப் படித்ததுகூட இல்லை.

அவள் இறந்த மூன்றாம் நாள், அந்தத் தொழிற்சாலையின் மேனேஜர் பெண் அடுத்த ஆர்டரை உறுதிசெய்யச் சொல்லி எழுதியிருந்தாள். இறந்துவிட்டாள் என்று தட்ட ஆரம்பித்தவன் பாதியிலேயே அழித்துவிட்டு "சரி" என்று அனுப்பினான். அப்புறம் அதுவே பழக்கமானது. தெருவில், வங்கியில், வீட்டில் எல்லா இடத்திலும் அவள் செத்துப்போயிருந்தாள். அந்த ஒரு ஊரில் மட்டும் மூத்த சகோதரி இன்னும் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். இரண்டு மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. வித்தியாசம் வந்தால் அவர்கள் மொழியில் இருப்பதுதான் செல்லும். வழக்கும் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் வாரிசு தெரிவிக்க வேண்டும், தவறினால் அச்சு தொழிற்சாலைக்குச் சொந்தம். அந்த வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டே அவர் நிமிர்ந்தார்.

"அப்பவே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா போதும். அதுக்கப்புறம் ரெண்டு ஆர்டர் அவங்க பேர்ல உறுதி பண்ணியிருக்கீங்க. அங்க அது கையெழுத்துக்குச் சமம். செத்தவங்க கையெழுத்து."

"உண்மையச் சொல்லிக் கெஞ்சினா?"

"யார்கிட்ட, சட்டத்துகிட்டயா? அந்த மேனேஜருக்கு மனசு இருந்தா உங்க பேர்ல புது ஒப்பந்தம் போடலாம். அது அவங்க இஷ்டம். உங்க உரிமை இல்ல."

ஷெட்டுக்குத் திரும்பியதும் மச்சானிடம் சொன்னான். மனைவியின் அண்ணன், பேக்கிங் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் நாம் போனால் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புவார்கள் என்று ஆரம்பித்தார் அவர். "இப்ப நாம அவங்களுக்குச் சில்லறை, மாப்பிள்ள. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் வாசல்ல வரிசைல நிக்குது. நம்ம அச்சு அங்க இடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு, அவ்வளவுதான்." பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சின்னவள கேமரா முன்னாடி உக்கார வைப்போம். மூக்கும் முழியும் அப்படியே அவ அக்காதான். அக்கா கண்ணாடியும் போட்டுட்டா எனக்கே அடையாளம் தெரியாது."

"மாட்டிக்கிட்டா?"

"இப்ப மட்டும் என்ன, மாட்டாமலா இருக்கோம்?"

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினோரு பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சின்னவள், மனைவியின் தங்கை, விஷயத்தைக் கேட்டு அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "அக்கா அவங்ககிட்ட எப்படிப் பேசுவா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து ஏழு வருஷத்துச் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். மேனேஜரின் மகனுக்கு இருமல் நின்றதா, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அந்தக் குளிரில் மொட்டைமாடிச் செடி பிழைத்ததா. ஆர்டர் பேச்சு அதற்கெல்லாம் நடுவில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஐந்து மாதம் மட்டும் சரி, சரி, நன்றி, சரி.

வியாழக்கிழமை சின்னவள் அக்காவின் நீலச் சட்டையில் வந்தாள். கண்ணாடியின் பவர் ஒத்துக்கொள்ளாமல் கண்ணில் நீர் கோத்தது. மச்சான் வெளியே போய் டிரில்லை நிறுத்தச் சொன்னார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அவன் கேமராவில் விழாதபடி சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

இயந்திரக் குரல் சொல்லச் சொல்ல அவள் இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், கண் சிமிட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் பச்சையானது. மச்சான் கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்தார். அவனுக்கு நிம்மதி வரவில்லை. இயந்திரத்துக்குச் சின்னவள் முகமே போதுமாக இருந்தது என்பது மட்டும் எங்கோ சுருக்கென்று குத்தியது.

பச்சை வட்டம் மறைந்து அந்த இடத்தில் மேனேஜர் வந்தாள். அவன் நினைத்திருந்ததைவிட வயதானவள். நரைத்த முடி, கழுத்தில் தொழிற்சாலை அட்டை. அவள் பேசப் பேசக் கீழே எழுத்து ஓடியது.

"மூத்த சகோதரி மெலிந்துவிட்டீர்கள்."

சின்னவள் சிரித்தாள்.

"ஐந்து மாதமாக நீங்கள் என் மகனைப் பற்றிக் கேட்கவில்லை."

சின்னவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்தாள். அவர்களுடையதுதான், தகடு வைக்காதது. அதைத் தன் கையில் பிடித்துக் காட்டினாள்.

"இதைப் பிடிப்பதுபோல் உங்கள் விரல்களை மடக்குங்கள்."

சின்னவள் அவனைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, காற்றைப் பிடிப்பதுபோல மடக்கினாள். நான்கு விரல்களும் ஒழுங்காக, ஒன்றாக மடங்கின.

செயலி எழுத ஒன்றுமில்லாமல் மூன்று புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் கைப்பிடியைக் குனிந்து பார்த்தாள். அவள் கட்டைவிரல் மூன்றாவது பள்ளத்தில் போய் நின்று, அங்கேயே மெல்லத் தேய்த்தது.

வேண்டாம் என்று மச்சான் தலையாட்டினார். கைகூடக் கூப்பினார். அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். சிமென்ட் தரையில் நாற்காலிக் கால் கிறீச்சிட்டது. திரை மூலையில் சின்னவள் இருந்த சின்னக் கட்டத்துக்குள் முதலில் அவன் முழங்கை வந்தது, அப்புறம் தோள்.