கேட்டல்: இருபதுக்குப் பத்தொன்பது

இங்கிலீஷ் பரீட்சையில் எழுத்துக்கு எண்பது, காதுக்கு இருபது. ஸ்பீக்கரில் ஒரு பதிவைப் போட வேண்டும்; பிள்ளைகள் அதைக் கேட்டு, தாளில் இருக்கும் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். மேலிடத்து உத்தரவு அப்படி. அதற்கென்று வந்த ஸ்பீக்கர், தலைமையாசிரியர் அறையில் பீரோவின் தலைமேல், வந்த அட்டைப்பெட்டியைவிட்டு இறங்காமல் ஆறு வருஷமாகக் குடியிருந்தது. அவர் குடையை வைக்க அது தோதாக இருந்தது.

ஸ்பீக்கர் இறங்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகளுக்கு மார்க் போடாமல் இருக்க முடியுமா? இங்கிலீஷ் டீச்சர் வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, நாற்பத்தாறு பேருக்கும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடுவார். எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பதினாறு, பதினெட்டு, பதினேழு எனத் தூவுவார். அதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தால் ஒன்றிரண்டு கூட. கோழிக் கிறுக்கலாக இருந்தால் குறைச்சல். கையெழுத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பக்கத்துப் பள்ளிகளிலும் இதே கூத்துதான் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

அன்றைக்குப் பாடத்தின் நடுவில் பியூன் வந்து கூப்பிட்டான். போனால், தலைமையாசிரியர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வெளிய ஒரு அம்மா நிக்கிறாங்க. பொண்ணுக்கு ரெண்டு காதும் கிட்டத்தட்ட போச்சாம். உங்க க்ளாஸ்தான் டீச்சர்."

"யாரு சார்?"

"முதல் பெஞ்சாமே. கையெழுத்து நல்லா இருக்கும்னு நீங்களே ஒருதரம் நோட்டக் கொண்டுவந்து காட்டினீங்களே."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முத்து முத்தாக எழுதுகிற பெண். பாடம் நடத்தும்போது மற்ற நாற்பத்தைந்து பேரும் ஜன்னலைப் பார்க்க, அவள் ஒருத்திதான் வைத்த கண் வாங்காமல் டீச்சரின் வாயையே பார்ப்பாள். 'கவனிச்சா அவள மாதிரி கவனிக்கணும்' என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறார்! நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"கேட்டல் மார்க்கப் பத்திக் கேக்கணுமாம்" என்றார் தலைமையாசிரியர். "பரீட்சை நடந்துச்சு. அவ்வளவுதான். நடக்கலன்னு ஒரு வார்த்தை வெளிய போனா உங்க வேலை மட்டும் போகாது. அத்தனை புள்ளைங்க மார்க்கையும் ரத்து பண்ணிடுவாங்க. ஒருத்திக்காக எல்லார் தலையிலயும் கல்லைத் தூக்கிப் போட்றாதீங்க."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனசைத் திடப்படுத்திக்கொண்டார். சண்டைக்குத்தான் வருகிறார்கள், வரட்டும். கத்தினால் நாமும் கத்தலாம் என்று இருந்தது.

வந்த அம்மா கத்துகிற ஆளாகத் தெரியவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள். பிளாஸ்டிக் கவரில் மூன்று வருஷத்து மார்க் அட்டைகளை மடங்காமல் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே மகள். "குட் ஆஃப்டர்னூன் டீச்சர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பியூன் எட்டிப் பார்த்தான். தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் சண்ட போட வரல டீச்சர்" என்றார் அந்த அம்மா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். டாக்டர் கேக்குறாரு, எப்பலருந்து கேக்கலன்னு. கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சிருந்தா அதுக்கு ஒரு வைத்தியமாம், அடிகிடி பட்டுத் திடீர்னு போயிருந்தா வேறயாம். மாத்திப் பண்ணா மிச்சம் இருக்குறதும் போயிடும்னாரு."

அட்டைகளை மேசைமேல் பரப்பினார். மூன்றிலும் கேட்டல் என்ற இடத்துக்கு நேரே பத்தொன்பது. டீச்சரின் கையெழுத்துதான்.

"ரெண்டு வருஷமாவே கூப்பிட்டா திரும்ப மாட்டா. திமிருன்னு நெனச்சேன். இங்கிலீஷ்லயே கேட்டுப் பத்தொம்போது வாங்குறவளுக்கு, பெத்தவ கூப்பிடறது மட்டும் கேக்கலையான்னு எனக்கு ஆத்திரம். இந்தக் கடைசிப் பரீட்சை முடிஞ்ச லீவுல ஒருநாள்..." என்று நிறுத்தி, வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டார். "அடுப்புல பால் பொங்கி வழியுது. கத்துறேன், கத்துறேன், பக்கத்துலயே நிக்கிறா, அசையல. கன்னத்தோட சேத்துக் காதுல வச்சேன் ஒண்ணு. சுருண்டு விழுந்துட்டா. ரெண்டாம் நாள் மறு காதுலயும் விட்டேன்."

தலைமையாசிரியர் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இவளக் கேட்டா, அப்படி ஒரு பரீட்சையே நடக்கலம்மாங்கிறா. முன்னாடியே எனக்குக் கேக்காது, நீ அடிச்சதால இல்லங்கிறா." அந்த அம்மா மகளின் தலையைத் தடவினார். "நான் மனசொடிஞ்சு போயிடுவேன்னு பொய் சொல்லுது டீச்சர், என் தங்கம். நீங்க படிச்சவங்க, எதிர்ல இருந்து பாத்தவங்க. நீங்க சொல்லுங்க. அந்தப் பரீட்சையப்ப இவளுக்குக் காது கேட்டுச்சா?"

டீச்சர் அட்டைகளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். இரண்டே வார்த்தைதான். 'பரீட்சை நடக்கல.' சொன்னால் இந்தத் தாயின் கை பாவத்திலிருந்து தப்பிக்கும், டாக்டருக்குச் சரியான பதில் போகும். சொன்னால் தன் பதினான்கு வருஷ வேலை போகும்; நாளைக்குத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். சத்தியமாக அப்படித்தான் திறந்தார்.

"கேட்டுச்சும்மா" என்றார். "நல்லாத்தான் கேட்டா."

அந்த அம்மா அழுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அழவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கவரில் போட்டார். மகள் அம்மாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா சொன்னாங்க? என்னம்மா?" என்று அந்தப் பெரிய குரலில் கேட்டாள்.

"உண்மையச் சொன்னீங்களே டீச்சர், உங்களுக்குப் புண்ணியம்" என்று அந்த அம்மா எழுந்து கும்பிட்டார். "டாக்டர் அன்னிக்கே கேட்டாரு, அடி ஏதும் பட்டுச்சான்னு. வெக்கப்பட்டு இல்லன்னுட்டேன். இப்பவே போயி நான்தான் அடிச்சேன், அதுலதான் போச்சுன்னு சொல்லிடறேன். அதுக்கு உண்டான வைத்தியத்தையாவது ஒழுங்காப் பண்ணட்டும்."

அவர்கள் வெளியே போனதும் தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். "நல்லா சமாளிச்சீங்க. டீ சொல்லட்டுமா?"

டீச்சர் ஜன்னலுக்குப் போனார். வெயிலில் மைதானத்தைக் குறுக்காகத் தாண்டி இருவரும் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் ஏதோ மன்றாடியபடி கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அம்மா அவளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கொடுத்தால் அந்த அம்மா திரும்பிப் பார்த்திருப்பார்.

"சர்க்கரை கம்மியா சார்" என்றார் டீச்சர்.