பால் கலக்க மட்டும்

தீவனக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிப் பராமரிப்பாளர் பால் கலக்கிக்கொண்டிருந்தார். மாவுக் கட்டிகள் உடையும்வரை அடித்துக் கலக்கி, புறங்கையில் சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பொடிசு அலறிக்கொண்டிருந்தது. தாயில்லாமல் வந்த யானைக்குட்டி. வந்த நாளிலிருந்து அவர் கையால்தான் குடித்தது, அவர் பக்கத்தில்தான் தூங்கியது.

இப்போது அவர் அதன் கண்ணில் படக்கூடாது. இந்தக் காப்பகத்தை உருவாக்கி, யானைகளுக்காகவே வாழ்ந்து மறைந்த டாக்டரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள். டாக்டராக நடிப்பவர் குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். குட்டியோ பராமரிப்பாளரைக் கண்டால் அவரிடமே ஓடிவிடுகிறது.

"அவங்க முடிக்கிற வரைக்கும் பின்னாடியே இருங்கண்ணே. பால் மட்டும் கலக்கிக் குடுங்க," என்றார் காப்பக மேலாளர்.

முதல் நாள் பொடிசு நடிகரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புட்டியைத் தட்டிவிட்டது. பராமரிப்பாளருக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் பசி விடுமா? மறுநாள் குடித்தது. பிறகு கத்துவதையே நிறுத்திவிட்டது. சுவர் விரிசலில் கண்ணை வைத்துப் பார்த்தார். நடிகரின் சட்டைக்குள் தும்பிக்கையை விட்டு மோந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது டாக்டர் மேல் வராத பொறாமை, அவராக நடிப்பவர் மேல் பொங்கிக்கொண்டு வந்தது.

"நல்லா மயக்கிட்டான் பாரு," என்று வாளியை எட்டி உதைத்தார்.

தழை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னாள்: "என்னையும் புள்ளையையும் விட்டுட்டு அதுங்கூடப் போய்ப் படுத்தீங்களே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அது பச்சப்புள்ளடி."

"எனக்குச் சக்களத்தி. உங்களுக்கு மட்டும் பச்சப்புள்ளையாக்கும்."

அவர் உருண்டுபோன வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

குட்டி வரும் காட்சிகள் முடிந்தன. நடிகர் பொடிசைக் கட்டிப்பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பராமரிப்பாளர் புட்டியோடு ஓடினார். குட்டி அவர் கையை மோந்துவிட்டு, கார் போன பக்கம் திரும்பி நின்றுகொண்டது. அன்று குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை.

"இத்தன வருஷமா இதத்தான செய்றீங்க? ஒரு குட்டியக் குடிக்க வைக்க முடியலையா? அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்," என்றார் மேலாளர்.

உடைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த படக்குழுத் தையல்காரர்தான் நடிகரின் காக்கிச் சட்டையை எடுத்து வந்தார். "இன்னும் துவைக்கல. அவரு போட்ட சென்ட்டு அப்படியே இருக்கு. மாட்டிட்டுப் போய்ப் பாருங்க. கறை ஆக்கிடாதீங்கண்ணே, திருப்பிக் குடுக்கணும்."

சட்டை தோளைப் பிடித்தது. வாசனை குமட்டியது. அவர் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் பொடிசு ஓடிவந்து மார்பில் தும்பிக்கையைப் பதித்தது. புட்டியைக் கவ்விக்கொண்டு மடமடவென்று குடித்தது.

"என் ராசா," என்றார்.

குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. காம்பு வாயிலிருந்து நழுவியது.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொடிசு சட்டையை மறுபடி மோந்து பார்த்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தது.