கிரவுண்டில் ஒரு வெட்டு

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது. அக்கா சர்க்யூட் போடுவாள். அதைக் கம்ப்யூட்டரில் போர்டாக வரைவது தங்கை. வருகிறவர்கள் மூத்தவளை "மேடம்" என்பார்கள், இளையவளைச் "சின்ன மேடம்" என்பார்கள்.

ஒருநாள் ஒரு டாக்டரம்மா வந்தார். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் கையடக்கமாக ஒரு கருவி வேண்டும் என்றார்.

நான்கு அடுக்கு போர்டு. மேலும் கீழும் இணைப்புக் கோடுகள். உள்ளே இருக்கும் இரண்டு அடுக்கும் முழுக்கச் செம்பு, ஒன்று பவருக்கு, ஒன்று கரண்ட் திரும்பி வரும் பாதையான கிரவுண்டுக்கு. தங்கை போர்டின் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு கோடு இழுத்தாள், கிரவுண்ட் என்று தேர்ந்தெடுத்து, நிரப்பும் பட்டனை அழுத்தினாள். திரையில் செம்பு பரவியது. அதுவரை இன்னும் இணைக்காத இடங்களைக் காட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த மெல்லிய கோடுகளில் பாதி மறைந்தன. அவளுக்கு எப்போதும் பிடித்த நேரம் அது.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "இத ரெண்டா வெட்டிடு. துடிப்பு கேக்கற பக்கம் தனி, டிஸ்ப்ளே பக்கம் தனி. அங்க இருக்கற இரைச்சல் இங்க வரக்கூடாது."

"வேணாங்கா. சிக்னல் இங்கேருந்து அங்க போகுது. போன கரண்ட் அதுக்கு அடியிலேயே திரும்பி வரணும். நடுவுல வெட்டிட்டா ஊரெல்லாம் சுத்திட்டு, வழியில இருக்கற இரைச்சலையும் வாரிக்கிட்டு வரும்."

"எனக்கே பாடம் நடத்தறியா? சர்க்யூட் என்னோடது. வெட்டு."

தங்கை வெட்டினாள். ஒரு மூலையில் மட்டும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

போர்டு தயாராகி வந்ததும் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கருவியை எடுத்துப் போனார்கள். படுத்திருந்த கர்ப்பிணியின் வயிற்றில் அதை வைத்தார் டாக்டரம்மா. கரகரவென்ற சத்தம்தான் வந்தது, துடிப்பு கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. டாக்டரம்மா சட்டென்று தன் பழைய கருவியை எடுத்து வைத்தார். "உன் குழந்தை நல்லா இருக்கும்மா. இந்த மிஷினுக்குத்தான் உடம்பு சரியில்ல."

வெளியே வந்ததும் அவர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"என் சர்க்யூட்ல ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் அக்கா. "போர்டு வரைஞ்சது இவ. அதுலதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கா."

தங்கை அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த மாதம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். அக்கா "சரி" என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். வீம்பு விடவில்லை.

அதன்பிறகு அக்கா ஃபில்டர் சேர்த்துப் பார்த்தாள், ஐசி சிப்பை மாற்றிப் பார்த்தாள். இரைச்சல் போகவில்லை. வேறு வழி தெரியாத ஒரு மதியம், தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறந்தாள். சிக்னல் கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். அது நேராக வெட்டைத் தாண்டிப் போனது. அந்த இடத்தில் அடியில் செம்பு இல்லை. கரண்ட் திரும்பி வர மூலையிலிருந்த இணைப்பு ஒன்றுதான் வழி. டிஸ்ப்ளேக்குப் போகும் மின்சாரமும் அந்த வழியாகத்தான் திரும்பியது. தங்கை சொன்னது அப்படியே நடந்திருந்தது.

வெட்டை எடுத்தாள். செம்பு தானாக நிரம்பும் என்று காத்திருந்தாள். மறுபடி நிரப்பும் பட்டனை அழுத்த வேண்டும் என்பது புரிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தங்கையைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். கேட்க முகமில்லை.

புது போர்டோடு கிளினிக்குக்குப் போனாள், துடிப்பு தெளிவாகக் கேட்டது. "தப்பு என்னோடதுதான் டாக்டர், அவளோடது இல்ல" என்றாள் அக்கா.

"இத எங்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" என்றார் அவர்.

படியிறங்கியதும் அக்கா தங்கைக்கு ஃபோன் செய்தாள். "வெட்டை எடுத்துட்டேன்டி. இப்ப நல்லா கேக்குது."

"ம். கேக்கும்."

"அன்னிக்கு டாக்டர் முன்னாடி உன்னை அப்படி விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. திரும்பி வந்துடேன்."

"இங்க நான் சொன்னா கேக்கறாங்கக்கா." குரலில் கோபம் இல்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அக்கா போனாள். அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினார்கள். பட்டறைப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

தங்கையின் இடத்துக்கு அனுபவமுள்ள ஒருவரை வைத்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு போர்டிலும் கிரவுண்டை நிரப்பும் முன் அக்கா அவர் பக்கத்தில் போய் நிற்பாள். "உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க" என்பாள்.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே பண்ணிடறேன் மேடம்" என்பார் அவர்.