கை வைத்துச் சொன்னது

என் முட்டி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அச்சகத்தில் கட்டிங் மெஷின் என் பொறுப்பு; எல்லோரும் என்னைக் கத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் அச்சடிப்பது வேதப் புத்தகம். காலை எட்டு மணிக்கு நின்றால் மாலை ஆறு வரை நின்றபடியேதான். அதற்கு மேல் ஓவர்டைம். மூன்று மாதமாக இதே கதி.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மை அப்பிக் கெட்டுப்போன தாளாக இருந்தாலும், ஆண்டவன் பெயர் அதில் இருந்தால் குப்பைக்கும் போகக்கூடாது, பழைய பேப்பர்காரருக்கும் போகக்கூடாது. மாடி அறையில் சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை தொட்டியில் ஊறவைத்துக் கூழாக்கி மண்ணில் புதைப்போம். அவர் பெயர் யார் காலிலும் படக்கூடாது, அது கட்டளை என்பார் முதலாளி. மாடி அறைச் சாவி பைண்டிங் அக்காவிடம் இருக்கும்.

அன்றைக்கு நாலு கட்டு வீணாய்ப் போயிற்று. மாடிக்கு நாற்பது படி. முட்டி விண்விண் என்று தெறித்தது. போய்த் தொலையட்டும், காகிதம்தானே என்று நாலையும் பழைய பேப்பர் சாக்கில் திணித்து, மேலே வெள்ளைத் துண்டுகளைப் போட்டு மூடினேன். பயமே வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து, எங்கள் புத்தகத்தை வழக்கமாக வாங்கும் ஒருவர் புது ஷூவோடு வந்தார். முனை நசுங்காமலிருக்க உள்ளே கசக்கித் திணித்திருந்த காகிதத்தை மேஜைமேல் விரித்தார். எங்கள் அச்சு. நடு வரியில் ஆண்டவன் பெயர்.

"கடையில போட்டுப் பாத்தேங்க. விரல்ல ஏதோ இடிச்சுது. எடுத்துப் பாத்தா இது" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

முதலாளி எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். மேஜைமேல் வேதப் புத்தகம்.

"இதுமேல கை வச்சு, நான் செய்யலன்னு சொல்லுங்க. சொல்லாதவங்க நாளைக்கு வர வேண்டாம்."

நாலு பேர் சொன்னார்கள். என் முறை வந்தது. கை தானாகப் போனது. "ஆண்டவன் சாட்சியா நான் செய்யல." தொண்டைகூடக் கம்மவில்லை. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் அக்கா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் செய்யல. ஆனா கை வைக்க மாட்டேன். அவர் பேரைச் சொல்லி ஆணையிடக் கூடாதுன்னு நாம அச்சடிக்கிற புத்தகத்துலயே இருக்கு."

"செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்றார் முதலாளி.

"அவர்கிட்டதான் பயம்."

சாவியும் அவளிடம், ஆணையிடவும் மறுத்துவிட்டாள். வேறென்ன வேண்டும்? பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் அவள் கணவர், எங்களுக்கெல்லாம் மாமா, படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. முதலாளி அந்தச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

தண்டனை வரும் என்று காத்திருந்தேன். மெஷின் கையை வாங்கிவிடும், படியில் உருண்டுவிடுவேன் என்றெல்லாம் நினைத்தேன். மகளுக்கு இருமல் வந்தபோது, இதோ வந்துவிட்டது என்று நடுங்கினேன். அதுவும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பதினோரு நாள் இப்படித் தள்ளினேன். அதற்குமேல் முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது? முதலாளிகிட்ட போய்ச் சொல்லு. எனக்கு வேலை வேணும் தம்பி. நாலு இடத்துல கேட்டுட்டேன். சாமி பேரைச் செருப்புக்கு அனுப்பினவளான்னு கேக்கறாங்க."

மறுநாள் காலை மெஷினைத் தொடாமல் நேராக முதலாளி அறைக்குப் போனேன். முட்டி, சாக்கு, பொய்ச் சத்தியம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்துவந்து தோளில் கை போட்டார்.

"அக்கா மேல உனக்கு அவ்வளவு பாசமா?"

"இல்லைங்க, நிஜமாவே நான்தான்."

"கத்தி, உன் மனசு எனக்குத் தெரியும்ப்பா. அவ குடும்பத்துக்காகப் பழியை ஏத்துக்கப் பாக்கறே. ஆனா ஆண்டவன் சாட்சியா நீ சொன்னதை என் காதால கேட்டேனே."

"அது பொய்ங்க."

"புத்தகத்துமேல கை வச்சு யாராவது பொய் சொல்லுவாங்களா?" அவருக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வேணும்னா இப்பவும் கை வச்சுச் சொல்றேன்" என்று கையை நீட்டினேன். அவர் பதறிப்போய்ப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. அவளுக்காகப் போய்ப் பொய்ச் சத்தியம் பண்ணாதே. அவர் பொறுக்க மாட்டார். போ, போய் வேலையைப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். மத்தியானம் அக்கா ஃபோன் பண்ணினாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

அந்தப் பக்கம் அவள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. "எப்ப வரச் சொன்னாரு?" என்றாள்.