பலாங்கொடையிலிருந்து வந்த வாசம்

1926ஆம் ஆண்டு வைகாசியில், விஷக்காய்ச்சல் விட்டு எழுந்த மறுநாள், மூக்காயிக்கு நாய்கள் பேசுவது புரியத் தொடங்கியது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அந்த வாரம் அரிசி புழுத்து வந்திருந்ததால், இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நாய்கள் பேசுவதில் முக்கால்வாசி சோற்றைப் பற்றித்தான் என்று அவள் சொன்னபோது, இதைத் தெரிந்துகொள்ள ஒரு காய்ச்சல் வேண்டுமா என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் சிரித்தார்கள். மீதி கால்வாசியில்தான் விஷயம் இருந்தது. அந்தி சாயும் நேரத்தில் நாய்கள் மலைக்கு மலை சேதி அனுப்பின. நாய்க்கு மனிதர்களின் பெயர் தெரியாது, வாசம் தெரியும். யார் எப்படி இருக்கிறார்கள் என்பதை வாசமாகவே சொல்லின. பலாங்கொடையில் குரைத்தது, கித்துல்கலயில் ஆற்றைத் தாண்டி, நான்காம் நாள் இங்கே வந்து சேர்ந்தது. வழியில் சிங்களக் கிராமத்து நாய்களும் உண்டு. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படுவது மனிதர்களுக்கு மட்டும்தான்.

மூக்காயிக்கு இருந்தது ஒரே மகள், வீராயி. பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் எழுத்துத் தெரியாது. இப்போது மூக்காயியின் செவலை நாய் அந்திதோறும் மகளைக் கொண்டுவந்து தந்தது. வீராயியின் மேலிருந்த ரப்பர்பால் புளிப்பு போய்க் கொழுந்து வாசம் ஏறியிருந்தது. கட்டியவனிடம் சாராய வாடை இல்லை. ஆவணியில் ஒருநாள், அந்தப் பெண்ணிடம் இப்போது இரண்டு வாசம் என்றது செவலை. மூக்காயி பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷம்தான், ஆனால் அவள் குடும்பத்தில் மூன்று பெண்கள் தலைப்பிரசவத்தில் போயிருந்தார்கள்.

மாசியில் வெறிபிடித்த ஒரு விசர்நாய் துரையின் கன்றுக்குட்டியைக் கடித்தது. அடுத்த ஞாயிறு காலை, வேலையில்லாத நாளில், தப்பு அடிக்கச் சொல்லி பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. நாய்களுக்குக் கழுத்துப்பட்டி கட்டப்போகிறார்கள் என்று நம்பி ஏழுமலைக் கங்காணி ஆசையாகவே அடித்தார். தப்புச் சத்தம் கேட்டால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்களோடு நாய்களும் வந்து, அவரவர் ஆளுக்குப் பின்னால் வரிசையாக உட்காருவது அந்தத் தோட்டத்து வழக்கம். அன்றும் பதினொரு நாய்கள் வந்து உட்கார்ந்தன. பதினொன்றையும் சுட்டார்கள். சுட்டவர்களை மன்னிக்க இதை எழுதும் இன்றைக்கும் மனம் வரவில்லை. பிரசவமாகி இரண்டு வாசமும் பிரிந்துவிட்டன என்பதுவரை செவலை முந்தின அந்தியில் சொல்லியிருந்தது. இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்பது அடுத்து வரவேண்டிய சேதி.

மூன்று நாள் மூக்காயி செவலையின் சோற்றுச்சட்டியைப் பார்த்தபடி கிடந்தாள். நான்காம் நாள் அந்தியில் மலைவிளிம்பில் ஏறி நின்று குரைத்தாள். இந்தப் பக்கம் கேட்க ஆளில்லை என்று எதிர்மலை நாய்கள் அந்தச் சேதியைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தன; அவள் புதிதாகக் கேட்டனுப்ப வேண்டியிருந்தது. அவள் குரைப்பு அவ்வளவு சுத்தமில்லை; எதிர்மலை நாய் இரண்டு முறை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பியது. போக நான்கு நாள், வர நான்கு நாள். நடுவில் ஒரு அந்தியில் கங்காணி ஏறிவந்து பக்கத்தில் நின்றார்.

"நான் தப்பு அடிச்சதாலதானே மூக்காயி அதுங்க வந்துச்சு," என்றார். பிறகு எதிர்மலையைப் பார்த்தபடி, "அந்தக் கொரைப்ப எனக்கும் சொல்லிக் குடு," என்றார்.

"மொதல்ல மோந்து பழகுங்க, கங்காணி."

ஐம்பத்தைந்து வயதில் அவர் மண்ணையும் மனிதரையும் மோந்து பழகினார், பிறகு குரைக்கவும். எட்டாம் நாள் பதில் வந்தது: இரண்டு வாசம், இரண்டிலும் பால். மூக்காயி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுவதற்குள், சேதி கிடைத்தது என்று கங்காணியே எதிர்மலைக்குக் குரைத்தார்.

தங்கள் தோட்டத்துக்கு அப்பாலும் சேதிக்குக் காத்திருந்த தோட்டங்கள் இருந்தன. அதனால் அந்திதோறும் லயத்தில் இரண்டு பேர் முறைவைத்து மலை ஏறிச் சேதியைக் குரைத்துக் கடத்தினார்கள். நாயில்லாத தோட்டத்தில் என்ன குரைப்பு என்று துரை ஒருமுறை கேட்டார். நம்ம ஆளுங்கதான் என்று கங்காணி உள்ளதைச் சொன்னார், துரையும் தலையாட்டிவிட்டுப் போனார். 1930 தையில் வீராயி மகளோடு வந்தாள். மூன்று வயதை நெருங்கியிருந்த பிள்ளை, அதுவரை பார்த்தேயிராத மூக்காயியின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது. பிறகு, தெரிந்த ஆள்தான் என்பதுபோல் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.