ஒற்றைச் செருப்பு

...ஒரு காலில் மட்டும்தான் மாட்ட வேண்டும், ரெண்டிலும் மாட்டிவிட்டால் நிஜமாகவே கிளம்ப வேண்டியதாகிவிடும் என்பார் அத்தா. திருப்பாதிரிப்புலியூர் துணிக்கடை அப்துல் வதூது, கொள்முதலில் விலை படியாவிட்டால் வாசலுக்கு வந்து ஒற்றைச் செருப்பை மாட்டி மற்றதைக் காலால் துழாவுவார், துழாவி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும், வாங்க பாய், கோவிச்சுக்கிட்டா எப்படி... அதைத்தானே இன்று காலை சிதம்பரத்தில் அவர் மகள் ஃபர்ஹீனும் செய்தாள்? ஆயுதமேந்திய பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள், அவர்களில் ஒருத்தியான லோகநாயகியம்மா மூன்று நாளாகக் காட்டையும் சொன்னார், ஜெயிலையும் சொன்னார், காட்டில் கூட இருந்த சந்திரலேகாவின் பேர் வந்தால் மட்டும் தையல் மெஷின் பக்கம் திரும்பி, அறுந்துபோகாத நூலை மாற்றிக் கோத்தார். சரிங்கம்மா, அவங்க இல்லாமலே படத்த முடிச்சுக்கறேன், என்று கேமராவைப் பையில் போட்டு, வாசலில் வலதுகால் செருப்பை மாட்டி... உக்காரு பாப்பா, என்றது குரல். லோகநாயகியம்மாவின் முந்தானையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற மறந்திருந்தாள், அது பதிவு செய்துகொண்டிருந்தது. மறந்தாளா?

சந்திரலேகாவுக்கு வயித்துல குண்டு, நடக்க முடியல அவளால, துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தேன் பாப்பா, அவளத் தூக்கல. குறிஞ்சிப்பாடியில அவ அம்மா விருத்தாம்பாளுக்கு மக வடக்க எங்கயோ நல்லாருக்கான்னு நெனப்பு, நான்தான் சொன்னேன், பொங்கலுக்குப் பொங்கல் அவ பேர்ல சேல அனுப்புறதும் நான்தான்... சொல்லி முடித்து, மைக்கைத் தானே கழற்றி நீட்டினார், இதுவும் கேட்டுச்சா? அந்தம்மா உசுரோட இருக்கற வரைக்கும் இது வேணாம். பாக்கலாம்மா, என்றாள் ஃபர்ஹீன். வியாபாரி வீட்டுப் பெண், பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் தெரியாதா அவளுக்கு? இத்தனை வருஷம் லோகநாயகியம்மா பொத்தி வைத்திருந்ததை ஒற்றைச் செருப்புக்கு வாங்கிவிட்டாள், அத்தா கேட்டால் கெட்டிக்காரி என்பார், அதுதான் ஊர் திரும்பும் இந்த பஸ்ஸில் உட்கார விடமாட்டேன் என்கிறது...

குறிஞ்சிப்பாடியெல்லாம் எழுந்து வாங்க, என்றார் கண்டக்டர். கடலூருக்கு டிக்கெட் எடுத்தவள் பையோடு எழுந்துவிட்டாள். விருத்தாம்பாளிடம் சொல்லவா, சொல்லும்போது அந்த முகத்தைப் படம் பிடிக்கவா, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்றால் கேமரா எதற்கு, அழிச்சுட்டேன்மா என்று லோகநாயகியம்மாவுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரமாகும்... எம்மா, எறங்குறியா இல்லியா? குனிந்து பார்த்தாள். வலதுகாலில் செருப்பு இருந்தது. இடதுகால் சீட்டுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தது, யாராவது கூப்பிடட்டும் என்பதுபோல.