பல்லக்குத் தூக்கிகள்

நாலாயிரத்து முன்னூற்று இருபது. சகலை கீழ்ப்பிடிக்குத் தர வேண்டிய தொகை அதுதான். கைமாற்றாகக் கொடுத்த பணமாக இருந்திருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். இது உடைந்து போன ஒரு கண்ணாடிக்குப் பாதி விலை. அதனால்தான் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி ஒன்றரை வருடமாக இறங்காமல் நின்றது.

அக்காளையும் தங்கையையும் கட்டிய அந்த இரண்டு பேரும், வீடு மாற்றித் தரும் ஒரு கம்பெனியில் ஜோடியாகச் சுமை தூக்கியவர்கள். மாடிப்படியில் பீரோ ஏற்றும்போது ஒருவன் மேலே பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறுவான். இன்னொருவன் கீழே பிடிப்பான். பாரம் முழுக்கக் கீழே இருப்பவன் நெஞ்சில்தான். ஆகவே குரல் கொடுக்கும் அதிகாரமும் அவனுக்குத்தான். 'ஏறு', 'நில்லு', 'திரும்பு.' குரல் முதலில், உடம்பு பிறகு. அந்தத் தொழிலில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கீழேயே பிடித்துப் பழகியதால் அவருக்குக் கீழ்ப்பிடி என்றே பெயராகிவிட்டது.

அன்றைக்கு மூன்றாவது மாடிக்கு ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. இரண்டாவது திருப்பத்தில் அது கைநழுவி, கண்ணாடி படிக்கட்டு முழுக்கச் சிதறியது. ஜோடிக்குப் பெரியவர் என்று கம்பெனி மொத்தப் பணத்தையும் கீழ்ப்பிடியின் கூலியில் பிடித்துக்கொண்டது.

"நான் திரும்புன்னு சொன்னேன். அவன் கையை விட்டுட்டான்" என்றார் இவர்.

"சொல்றதுக்கு முன்னாடியே அவர் திரும்பிட்டாரு" என்றான் அவன்.

பாதியைக் கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சகலை கொடுக்கவில்லை. கேட்காமல் விட்டால் தப்பு தன்னுடையதாகிவிடும் என்று கீழ்ப்பிடி விடவில்லை. ஜோடி பிரிந்தது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அக்காளும் தங்கையும் காய்கறிக் கடையில் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பேசிக்கொள்ளும் நிலைமை வந்தது.

இப்போது சகலைக்குத் தொலைவில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறான். சண்டையோடு போனால் அப்படியே போய்விடும் என்று பயந்துதான் பெண்கள் இரண்டு பேரும் அந்தத் திட்டம் போட்டார்கள்.

கோட்டையைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் பஸ்ஸில் நான்கு இருக்கை எடுத்தார்கள். 'நாம மட்டும்தாங்க' என்று அக்காள் கீழ்ப்பிடியிடம் சொன்னாள். தங்கையும் சகலையிடம் அதையே சொன்னாள். விடிகாலையில் கீழ்ப்பிடி பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், ஜன்னலோரம் சகலை உட்கார்ந்திருக்கிறான். அவர் நிதானிப்பதற்குள் அக்காளும் தங்கையும் எதிர்ப்பக்க இருக்கையில் ஒட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே இடம்.

"என்னால நின்னுக்கிட்டுக்கூட வர முடியும்" என்றார் கீழ்ப்பிடி மனைவியிடம்.

"மூணு மணி நேரம் நின்னா டிரைவர் உங்களைக் கண்டக்டர்னு நினைச்சுக்குவாரு. உக்காருங்க" என்றாள் அவள்.

உட்கார்ந்தார். இரண்டு தோளும் உரசாமல் இருக்க இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தார்கள். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்த முயற்சி கெட்டது.

கோட்டை வாசல் யானை உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்தது. கதவில் கூர்கூராக இரும்பு முள். அதைத் தாண்டினால் வழி நேரே போகாமல் மடங்கி மடங்கிப் போனது. உள்ளே பெரிய முற்றம், அதன் ஓரத்தில் பழைய தானியக் கிடங்குகள். அவற்றைத்தான் இப்போது அருங்காட்சியகங்களாக்கி வைத்திருந்தார்கள். ஆயுதங்களுக்கு ஒன்று, நாணயங்களுக்கு ஒன்று, அரண்மனைச் சாமான்களுக்கு ஒன்று. முற்றத்தின் கடைசியில் செங்குத்தான கல்படிகள் கொத்தளத்துக்கு ஏறின.

"மேல நின்னா ஆறு, பாலம், நம்ம வந்த ரோடு எல்லாம் தெரியுமாம்" என்று கீழ்ப்பிடியின் மனைவி அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு முழங்கால் வலி. வீட்டு வாசல்படியையே ஒவ்வொரு காலாக வைத்துத்தான் ஏறுவாள். "எனக்கு எங்க அதெல்லாம். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றும் அவளே சொல்லிக்கொண்டாள்.

கீழ்ப்பிடிக்கு எழுத்து தெரிந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. தலை நரைத்த பிறகு, சங்கத்து அலுவலகத்தில் மாலை நேரத்தில் கற்றுக்கொண்டது. அதனால் எந்தப் பலகையையும் அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது. வாளுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தார். கேடயத்துக்குக் கீழே படித்தார். தீயணைக்கும் சிலிண்டரின் மேல் ஒட்டியிருந்ததையும் உதட்டை அசைத்து முழுசாகப் படித்தார்.

"உங்க மாமா படிக்கிற வேகத்துக்கு இந்தக் கோட்டையைக் கட்டி முடிச்சவனே மறுபடி பொறந்து வந்துருவான்" என்று சகலை தன் மனைவியிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"படிக்கத் தெரிஞ்சும் படிக்காம ஓடுறவங்களுக்கு அரை டிக்கெட் போதும்னு சொல்லு" என்றார் கீழ்ப்பிடி அதே கொழுந்தியாளிடம்.

அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினாள். "நான் என்ன தபால் பெட்டியா?" என்று அக்காளிடம் முணுமுணுத்தாள்.

அரண்மனைச் சாமான்கள் இருந்த கிடங்கில் ஒரு பல்லக்கு இருந்தது. ஒரே ஒருவர் உட்காரும் சின்னப் பல்லக்கு. மேலே வளைந்த நீண்ட மரத்தண்டு. முன்னும் பின்னும் தாங்கு கட்டைகளின் மேல் தண்டை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் இடுப்பளவு கயிறு. கீழ்ப்பிடி பலகையைப் படித்தார். சுமப்போர் நால்வர் என்று போட்டிருந்தது.

"நாலு பேர் எதுக்கு? ரெண்டு ஆள் சுமைதானே இது" என்றான் சகலை.

யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பெண்கள் இரண்டு பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றது கீழ்ப்பிடி மட்டும்தான்.

"தண்டு நீளம் பாத்தியா? முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு நிக்கிற மாதிரி விட்டிருக்கான். ஒரு தோள் வலிச்சா மாத்துத்தோள் போடணும்ல" என்றார் அவர். ஒன்றரை வருடத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. பேசியதை அவரும் கவனிக்கவில்லை.

"உள்ள ஆள் உக்காந்தாலும் ஒரு கட்டில் எடை வராது, அண்ணே."

"வரும். மரம் பழசு. பழைய மரம் ஏமாத்தும்."

"ஏமாத்தாது. பாக்கறீங்களா?"

கடையில் துணி பார்க்கிறவர்கள் கையில் தடவிப் பார்ப்பார்கள். சுமை தூக்குகிறவர்கள் தூக்கித்தான் பார்ப்பார்கள். சகலை கயிற்றைத் தாண்டி முன்தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். கீழ்ப்பிடியின் கால்கள் அவரைக் கேட்காமலே பின்தண்டுக்குப் போயின. "தூக்கு" என்றார். பல்லக்கு நாலு விரல் எழுந்தது. உள்ளே கட்டியிருந்த பட்டுக் குஞ்சங்கள் லேசாக ஆடின.

"சொன்னேன்ல, காத்து மாதிரி இருக்கு" என்றான் சகலை. "ஆனா இதை வச்சுக்கிட்டு வாசல் வழியில எப்படி மடங்குவான்? அங்க திருப்பம் திருப்பமா இருக்கே."

"அது ஒண்ணும் பெரிசில்ல. திரும்பு" என்றார் கீழ்ப்பிடி.

அப்போதுதான் அது நடந்தது. முன்தண்டு சகலையின் தோளிலிருந்து ஒரு சாண் நழுவியது. அவன் சட்டென்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழ்ப்பிடிக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. தன்னுடைய வலது தோள் முதலில் போனதும், வாய் அதற்குப் பின்னால் போனதும் அவருக்கே தெரிந்தது. தன் குரலைத் தானே வெளியே நின்று கேட்டது போல இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தார். "யோவ், யோவ். இறக்குங்கய்யா. பாக்கறதுக்குத்தானே டிக்கெட் குடுத்தாங்க, தூக்கறதுக்கா குடுத்தாங்க?"

இரண்டு பேரும் பல்லக்கைச் சத்தமே வராமல் பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள். காவலாளி தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை. கயிற்றைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று சொல்லி, வயதுக்காக இந்தத் தடவை விடுகிறேன் என்றும் சொன்னார்.

"எந்த வயசைச் சொல்றாரு?" என்று கேட்டாள் அப்போதுதான் வந்து சேர்ந்த கொழுந்தியாள்.

சகலை தோளைத் தேய்த்துக்கொண்டே கீழ்ப்பிடியை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். குத்திக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று இவருக்குத் தோன்றியது.

நாணயக் கிடங்கில் அவர் பலகைகளின் முன்னால் நின்றார். எழுத்து எழுத்தாகக் கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை. நாலாயிரத்து முன்னூற்று இருபது என்ற எண்ணை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். டீக்கடையில் சொன்னார், சங்கத்தில் சொன்னார், மாமனார் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் வந்த மற்றவர்கள் கொத்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி படிகளின் அடியில் ஒரு கல்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கை.

"நீங்க மேல போகலையா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் படிகளைப் பார்த்தார். அகலமான படிகள்தான். பாதியில் ஒரு திருப்பம். எதிரே குளிர்பானக் கடையில் ஓர் இரும்பு நாற்காலி சும்மா கிடந்தது. கொஞ்சம் தள்ளி, பீரங்கியின் மேல் கை வைத்து நின்ற சகலையைப் பார்த்துத் தலையால் நாற்காலியைக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் என்ன என்று கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போனான்.

"உடைச்சுக் கிடைச்சுப் புட்டீங்கன்னா காசு குடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் பாதிப் பாதியா குடுத்துருவோம்" என்றான் சகலை. கீழ்ப்பிடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"ஐயையே, நாலு பேர் பாப்பாங்க" என்றாள் மனைவி.

"பாக்கத்தானே டிக்கெட் வாங்கியிருக்காங்க. உக்காரு" என்றார் அவர்.

சகலை நாற்காலியின் முதுகுப்பக்கத்தைப் பிடித்து மேலே நின்றான். கீழ்ப்பிடி முன்கால்களைப் பிடித்தார். அவள் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. "தூக்கு" என்றார். நாற்காலியோடு அவள் மேலே எழுந்தாள். "ஏறு" என்றார். அவன் பின்பக்கமாக ஒரு படி ஏறினான், இவர் ஒரு படி ஏறினார். பழைய தாளம் தானாக வந்தது. கிடங்கு வாசலில் நின்ற காவலாளி இதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இவங்களுக்கு என்னதான் ஆச்சு" என்று தனக்குள் பேசிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திருப்பம் வந்தது.

"நில்லு" என்றார் கீழ்ப்பிடி. நின்றார்கள். அவர் மூச்சு வாங்கினார். திரும்பு என்று சொல்லவில்லை.

"என்னண்ணே, கனமா இருக்கா?"

"அன்னைக்கு நான் திரும்பிட்டுத்தான் சொன்னேன், சகலை. முன்னாடி சொல்லல."

சகலை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டான். "தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"அன்னைக்கேதான். சொன்னேனே. நீங்க எங்க கேட்டீங்க."

"இன்னைக்குத்தான் கேட்டுச்சு."

"நான் கையை விட்டதும் நிஜம்தான்ணே" என்றான் அவன் கொஞ்சம் கழித்து. "கெட்டியா பிடிச்சிருந்தா நின்னிருக்குமோ என்னவோ. பயந்துட்டேன்."

"ரெண்டு பேரும் நியாயத்தை மேல போய்ப் பேசுங்களேன். நான் அந்தரத்துல இருக்கேன்" என்றாள் நடுவில் இருந்தவள்.

கீழ்ப்பிடி சரியாகப் பிடித்துக்கொண்டார். "திரும்பு" என்றார். சொல்லி முடித்து, சகலையின் கால் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் தன் தோளைத் திருப்பினார். நாற்காலி ஒரு குலுக்கல் இல்லாமல் வளைந்தது.

மேலே காற்று பலமாக அடித்தது. அவளை மதில் ஓரமாக இறக்கினார்கள். ஆறு மெலிந்து போய்ப் பளபளத்தது. பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அவள் ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்ட, பின்னாலேயே ஏறி வந்த தங்கை அவள் தோளில் சாய்ந்து, "அக்கா, அதோ நம்ம பஸ்" என்றாள்.

சகலை வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். "ஊருக்குப் போறதுக்குள்ள அந்தப் பணத்தைக் கொண்டாந்து குடுத்துடறேண்ணே. பாதி என்னோடதுதானே."

"எந்தப் பணம்?"

"நாலாயிரத்து முன்னூத்தி இருபது."

"அதுவா" என்றார் கீழ்ப்பிடி. மதில் மேல் மாட்டியிருந்த ஒரு பலகையைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "நீ இப்பத் தூக்கின கூலியில அது கழிஞ்சு போச்சு. பாக்கி ஒண்ணும் இல்ல."

நாற்காலியில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஒரு தடவை என்னைத் தூக்கினதுக்கு அவ்வளவு கூலியா?"

"ஏத்தினதுக்கு மட்டும் இல்ல அண்ணி" என்றான் சகலை. "இறக்கறதும் சேர்த்துத்தான்."